மாமியை அலுமாரியில் பார்த்துக் கீறிய கதை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கல்முனைக் கடைத்தெருவில் பதினைந்து வருடம் பெயர்ப்பலகை எழுதியவனின் எழுத்தா இது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் நான் பலகையில் எழுதியதில்லை. கடைக்காரர் துண்டுத் தாளில் எழுதித் தருவதைப் பார்த்து, குடத்தைப் படமாகக் கீறுவது போல ஒவ்வோர் எழுத்தாகக் கீறினேன். இந்தக் கட்டுரையையும் அப்படிக் கீறினால் அடுத்த நோன்புக்குத்தான் முடியும். ஆகவே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளுக்கும் அதே மன்னிப்பு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

எழுதச் சொன்னவர் எங்கள் பாடசாலைக்கு இந்த வருடம் வந்திருக்கும் சித்திர ஆசிரியை. முறையாகப் பயிற்சி பெற்று நியமனத்தோடு வந்தவர். அவர் வந்ததும் நான் நடத்திய சனிக்கிழமைச் சித்திர வகுப்பு நின்றது. அது நிற்க வேண்டியதுதான். பாடசாலையின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு, வீட்டு ஆட்களை வைத்து நீர்வர்ணத்தில் முகம் கீறிய அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். மூன்று தரமும் தலையாட்டினேன். நாலாம் தரம் அவர் கேட்பதற்குள் எழுதிவிடுவது எனக்குச் சுலபம். ஆட்களோடு நின்று கதைப்பதைவிட எனக்கு எதுவும் சுலபம்.

சாய்ந்தமருதில் பிறந்து பதினாறு வயதில் பலகை எழுதப் போனேன். கடை, வள்ளம், லொறி, சலூன் என்று எல்லாவற்றிலும் பெயர் கீறினேன். சலூன் வேலை மட்டும் கொஞ்சம் வேறு. கடற்காற்றின் உப்பு வெளியே பூசிய பெயின்ற்றை ஆறு மாதத்தில் தின்றுவிடும். அதனால் கண்ணாடிக்கு உள்ளே நின்று, எழுத்தை இடம் வலம் மாற்றித் திருப்பிக் கீறுவோம். வெளியே போகிறவர்களுக்கு நேராகத் தெரியும். இந்த வேலையில் நான் பெயர் எடுத்தவன். இதை வாசிப்பவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

எழுபத்தெட்டில் சூறாவளி வந்து கல்முனையில் இருந்த பெயர்ப்பலகைகளை எல்லாம் கழற்றி வயலுக்குள் போட்டது. ஊரே அழுதுகொண்டிருந்தபோது எனக்கு மட்டும் இரண்டு வருட வேலை கிடைத்தது. அந்த வெட்கத்தில் சில பலகைகளைச் சும்மா எழுதிக் கொடுத்தேன். அப்படிச் சும்மா எழுதப் போன இடம்தான் பாடசாலை. அங்கிருந்த அதிபர், அதாவது தலைமை ஆசிரியர், பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்க வருவீர்களா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு ஓம் என்றேன்.

முதல் நாள் நாற்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடியே நின்று, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு மண்குடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கீறினேன். திரும்பிப் பார்த்தால் நாற்பது கொப்பியிலும் குடம் இருந்தது. வாசலில் அதிபர் நின்றார். இது புது முறையா என்று கேட்டார். ஓம் சேர் என்றேன். அதற்குப் பிறகு அந்த முறையை என்னால் மாற்ற முடியவில்லை.

நீர்வர்ணப் பெட்டியையும் அவர்தான் தந்தார். படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் நல்லது என்றும் சொல்ல மாட்டார், கூடாது என்றும் சொல்ல மாட்டார். கண்ணாடியைத் துடைப்பார். ஒரு தரம் துடைத்தால் சரி. இரண்டு தரம் துடைத்தால் வேறு தாள் எடுக்க வேண்டும். வாய் திறந்து சொன்ன பாடம் ஒன்றே ஒன்று.

"தெரிஞ்சதக் கீறாதீங்க. கண்டதக் கீறுங்க."

காது இப்படித்தான் இருக்கும் என்று நமக்குத் தெரியும், அதனால் காதைப் பார்க்காமலே கீறிவிடுகிறோம் என்பது அவர் கருத்து. அதை நான் கலிமாவுக்கு அடுத்தபடியாக மனதில் வைத்துக்கொண்டேன். பின்னால் வந்த வில்லங்கம் அதனால்தான்.

நீர்வர்ணம் பெயின்ற் மாதிரி இல்லை. பலகையில் பிழைத்தால் காய விட்டு மேலே பூசலாம். இதில் பூசியது பூசியதுதான். வெள்ளை நிறம் கிடையாது. தாளின் வெள்ளையைத் தொடாமல் விட வேண்டும். கண்ணுக்குள் இருக்கிற வெளிச்சப் புள்ளி நாம் கீறுவது அல்ல, கீறாமல் விடுவது. தாளை நனைத்து, கோதுமை மாப் பசையால் பலகையில் நாலு பக்கமும் ஒட்டிக் காய விடுவேன். எங்கள் கடலோர ஈரத்தில் வர்ணம் காயாது. அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சூடு காட்டுவேன். அதனால் என் முதல் வருடத்துப் படங்களில் எல்லாம் கொஞ்சம் மீன் ஆணம் மணக்கும்.

முகம் கீறப் பழக ஆள் வேண்டுமே. வெளியாட்களிடம் போய் உட்காருங்கள் என்று கேட்கிற ஆள் நான் இல்லை. ஆகவே வீட்டு ஆட்கள். என் மனைவியின் பெயர் சித்தி. அவளை அடுப்படியில் வைத்துக் கீறினேன். அசையாதே என்று சொன்னதால் அவள் அசையவில்லை, சோறு கருகியது. அந்தப் படத்தைக் காட்டி, இது ரெண்டு சுண்டு அரிசி விழுங்கின படம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். மகள் நஸீமா நூறு எண்ணும் வரை இருப்பாள், ஆனால் பத்துப் பத்தாக எண்ணுவாள். மாமாதான் சரியான ஆள். மாமா என்றால் சித்தியின் வாப்பா. மாவடிப்பள்ளியில் வயல் செய்தவர், படத்துக்கு உட்காருவதில் பெரும் பிரியம் உள்ளவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். முகம் சிவந்துகொண்டே போகும். பாதியில் நான் நிறத்தை மாற்ற வேண்டி வரும்.

உருவம் கீறுவது கூடுமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கு மார்க்கம் பேசத் தெரியாது. தொழுகிற அறையில் மாட்டாமல், பெட்டிக்குள் போட்டு வைத்தேன்.

வீட்டில் நான் கீறாத ஒரே ஆள் மாமி, சித்தியின் உம்மா.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். மாமியாரும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், ஆனால் முகத்துக்கு முகம் பார்க்க மாட்டார்கள், நேரே கதைக்கவும் மாட்டார்கள். அது கோபம் இல்லை, மரியாதை. சில வீடுகளில் இது இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். எங்கள் வீட்டில் நான் கூச்சக்காரன், மாமி அதைவிடக் கூச்சக்காரி. பத்து வருடமாகியும் தளரவில்லை. நான் வேலிப் படலையடியில் நின்று செருமுவேன். மாமி முன்னறையிலிருந்து உள்ளே போய்விடுவார். ஒரு மாரி காலத்தில் எனக்கு நெஞ்சுச் சளி பிடித்து நாலு நாள் வீட்டிலேயே இருமிக்கொண்டு கிடந்தேன். பாவம் மாமி, நாலு நாளும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார்.

சித்தி வீட்டில் இல்லாத நேரம் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மாமி பூனையிடம் சொல்வார். "பூன, சோறு மேசையில மூடிக் கிடக்கு. ஆணம் சூடாக்கித்தான் வெச்சிரிக்கன்." நான் பூனைக்குக் கேட்கும்படி ம் என்பேன். இப்படி ஒரு ஒழுங்கில் சந்தோசமாகவே இருந்தோம்.

எண்பதில் சித்தியின் தம்பி ரஹீம் சவூதிக்கு வேலைக்குப் போனான். அடுத்த வருடம் ஒரு கடிதம் வந்தது. நாங்கள் ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பிய படத்தில் எல்லோரும் இருக்கிறோம், உம்மா மட்டும் இல்லை என்று எழுதியிருந்தான். அறையில் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரிடமும் உம்மாவின் படம் இருக்கிறது. தனக்கு உம்மாவின் முகம் இப்போது கனவிலும் தெளிவாக வருவதில்லை. படம் வராவிட்டால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவானாம்.

மாமி உள்ளே அழுத சத்தம் கேட்டது. ஆனால் ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றதும் அழுகை நின்றது. தெரியாத மனிசன் ஒருவனுக்கு முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார மாட்டேன் என்றார். சித்தி அழுதும் பார்த்தாள், மாமா கத்தியும் பார்த்தார். கடைசியில் வீட்டிலேயே ஒரு படக்காரன் இருக்கிறானே என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அவருடைய முகத்தைக் கண்டதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கை தெரியும். முதுகு தெரியும். இருமல் எந்த அறையிலிருந்து வருகிறது என்று தெரியும். முகம் தெரியாது.

சொல்லச் சொல்லக் கீறலாம் என்று மாமா சொன்னார். அவர் சொன்னதை அப்படியே கீறினேன். பதினைந்து வயதுப் பெண் ஒன்று வந்தது. மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். சித்தி வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தப் புள்ள எனக்குத் தங்கச்சியா உம்மாவா என்று கேட்டாள். அந்த வழி அதோடு அடைபட்டது.

வழியைச் சொன்னது மாமியேதான். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, சித்தியிடம்.

"அலுமாரிக் கண்ணாடிய இஞ்சால திருப்புங்க. நான் அலுமாரியப் பாத்துக்கிட்டு இரிக்கன். அவரும் அலுமாரியப் பாக்கட்டும்."

மாமா யோசித்தார். கண்ணாடியில் பார்ப்பது பார்வையில் சேருமா என்றார். சேராது என்று அவரே தீர்ப்பும் சொன்னார். சித்திக்குச் சீதனமாக வந்த அந்த அலுமாரியை நாலு பேர் பிடித்து இழுத்தோம். எங்கள் அறைக்கும் பின் விறாந்தைக்கும் நடுவில் ஒரு சுவர், ஒரு வாசல். வாசலுக்கு நேரே அலுமாரியை வைத்தோம். நான் அறைக்குள் சுவருக்கு இந்தப் பக்கம். மாமி விறாந்தையில் சுவருக்கு அந்தப் பக்கம், முக்காட்டோடு. எங்கள் இருவருக்கும் முன்னால் அலுமாரி மட்டும்.

கண்ணாடியில் நான் அவரைப் பார்த்தால் அவரும் என்னைப் பார்ப்பார் என்பதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. முதல் நாள் பாதி நேரம் நான் அலுமாரியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"பூன, எண்ட முகத்தக் கீறப்போறாரா, அலுமாரிர காலக் கீறப்போறாரா?"

நிமிர்ந்து பார்த்தேன். பத்து வருடத்தில் முதல் முறையாக மாமியின் முகத்தைக் கண்டேன். சின்ன முகம். ஒரு கன்னத்தில் மச்சம், ஒரு புருவத்தைக் குறுக்கே வெட்டிய பழைய காயம். தலை ஒரு பக்கம் இலேசாகச் சரிந்திருந்தது. எனக்குக் கோபக்காரியாகப் பட்டிருந்த குரலுக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற முகம் அது.

மூன்று நாள், லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில், கிணற்றடிப் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் கீறினேன். செங்காவியில் மஞ்சட்காவி கலந்து முகம், நிழலுக்கு ஒரு சொட்டு நீலம். முக்காட்டின் வெள்ளைக்குத் தாளையே விட்டேன். கண்டதை மட்டும் கீறினேன். கண்ணாடியில் ரசம் கழன்ற கறுப்புப் புள்ளி ஒன்று மாமியின் நெற்றிக்கு மேலே தெரிந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கு மூளை இருந்திருக்கிறது.

புதன்கிழமை படத்தை முன்னறைக்குக் கொண்டுவந்தேன். இதைவிட நல்ல படம் நான் கீறியதில்லை என்று எனக்கே தெரிந்தது. மாமா பார்த்தார். மச்சம் இருக்கிறதா, இருக்கிறது. காயம் இருக்கிறதா, இருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார்.

"எல்லாம் இரிக்கி மருமகன். ஆனா இது அவ இல்ல."

சித்தியும் அப்படித்தான் சொன்னாள். உம்மாவின் சொந்தக்காரி ஆரோ மாதிரி இருக்கிறது என்றாள். நஸீமா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்துப் பார்த்தாள். என்ன பிழை என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. படம் உள்ளே மாமியிடம் போனது.

"இது நான்தான்," என்றார் மாமி.

மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "நாப்பது வருசமா ஒன்னப் பாக்கிறன். எனக்குத் தெரியாதா?"

"அம்பத்தஞ்சு வருசமா நான் என்னப் பாக்கிறன்."

ரஹீமின் கூட்டாளி ஒருவர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை காலை சவூதிக்குத் திரும்பிப் போகிறார். அவரிடம்தான் கொடுத்து அனுப்ப வேண்டும். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு அதிபர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பார்த்தார். துடைத்தார். பார்த்தார். துடைத்தார். மூன்றாம் தரமும் துடைத்தார்.

"இந்த வேலைப்பாட்டுல பிழை இல்ல. இவங்க சாரித் தலைப்ப எந்தத் தோள்ல போடுறவங்க?"

எல்லாப் பெண்களையும் போல இடது தோளில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். படத்தில் வலது தோளில் கிடந்தது.

கண்ணாடியில் பார்த்துக் கீறியது சேர் என்றேன். அந்த மனிதர் சிரித்து நான் அன்றுதான் கண்டேன். சிரிப்பு அடங்கக் கனநேரம் ஆனது.

"கல்முனையில இரிக்கிற சலூன் கண்ணாடியெல்லாம் உள்ளுக்க நிண்டு திருப்பி எழுதின மனிசன் நீங்கதானே?"

ஓம் என்றேன். கண்டதைக் கீறச் சொன்னது நீங்கள்தானே என்றும் மெதுவாகச் சொன்னேன். கண்டதைக் கீறச் சொன்னேன், அலுமாரிக்குள் போய்க் காணச் சொல்லவில்லை என்றார்.

வியாழக்கிழமை முழுவதும் மறுபடியும் கீறினேன். முதல் படத்தைத் திருப்பி யன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்னால் வெயில் விழ, கோடுகளை மட்டும் வேறு தாளில் எடுத்தேன். மச்சம் தன் கன்னத்துக்கு வந்தது, முந்தானை தன் தோளுக்கு வந்தது. வர்ணம் முதல் படத்தில் வந்தது போல வரவில்லை, அவசரம். ஆனாலும் மாமா பார்த்த உடனே எழுந்து நின்றுவிட்டார். இவதான், இவதான் என்றார். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மாமி பார்த்துவிட்டு, இந்தப் பொம்பிளை ஆரு என்று கேட்டார். தலை சரிந்த பக்கம் சரியில்லை, வாய் கோணல், ஆரோ தன்னைப் போலப் பழிப்புக் காட்டுகிறாள் என்றார். எவ்வளவு சொல்லியும் ஏற்கவில்லை. கண்ணாடிதான் அப்படி மாற்றிக் காட்டுகிறது என்று சித்தி விளங்கப்படுத்தினாள். அப்படியென்றால் நீங்கள் எல்லோரும் இவ்வளவு காலமும் என்னைப் பிழையாகப் பார்த்திருக்கிறீர்கள் என்றார் மாமி.

வெள்ளிக்கிழமை காலை கூட்டாளி படலையில் வந்து நின்றார். மேசையில் இரண்டு படமும் கிடந்தன. மாமா இரண்டாவதை என் கையில் வைத்து, கெதியாக் கட்டுங்க மருமகன் என்றுவிட்டு அவரோடு கதைக்கப் போனார். அப்போது திரைச்சீலைக்குப் பின்னால் மாமி சொன்னார்.

"பூன, எண்ட மகன்கிட்ட நான் போகல்ல. அந்தப் பொம்பிளதான் போறா."

பூனை அப்போது வீட்டில் இல்லை. கிணற்றடியில் படுத்திருந்ததை யன்னலால் கண்டேன்.

என் வாழ்நாளில் மாமாவின் சொல்லை மீறியது அந்த ஒரு தரம்தான். முதல் படத்தை எடுத்தேன். மகன் உம்மாவைக் கண்டுபிடிக்காமல் போனால் அந்தப் பழி முழுவதும் என் மேல்தான். படத்தின் பின்பக்கத்தில் இந்தக் கோழி கிளறிய எழுத்தில், மச்சான், இதைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள் என்று எழுதினேன். இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது படத்தை என் பெட்டியின் அடியில் போட்டேன்.

பதில் வர இரண்டு மாதமானது. அந்த இரண்டு மாதமும் தபால்காரரின் மணி கேட்டால் எனக்கு வேலை இருந்தது, கடற்கரைப் பக்கம்.

கடிதம் வந்த நாள் தப்ப முடியவில்லை. சித்தி முன்னறையில் நின்று எல்லோருக்கும் கேட்க வாசித்தாள். உம்மாவின் படம் என்று நீங்கள் அனுப்பியது ஆருடையது என்று எனக்கு முதலில் தெரியவில்லை என்று தொடங்கியது. மாமா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எந்தப் படத்தக் கட்டின நீங்க?"

நான் என் கால் விரலைப் பார்த்தேன். சித்தி வாசித்துக்கொண்டே போனாள். கோபத்தில் படத்தைத் தூக்கிக் கட்டிலில் போட்டிருக்கிறான். அது குப்புற விழ, பின்னால் இருந்த எழுத்தைக் கண்டிருக்கிறான். எட்டுப் பேருக்கும் சேர்த்து அறையில் சவரம் செய்யும் கண்ணாடி ஒன்றுதான். படத்தை அதற்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு, திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தானாம்.

"உம்மா கண்ணாடிக்குள்ள வந்து நிண்டா. இப்ப ஒவ்வொரு நாளும் சவரம் செய்யக்குள்ள எண்ட தோளுக்குப் பின்னால நிண்டு பாக்கிறா. மத்த ஏழு பேர்ர உம்மாவும் சுவர்லதான் இரிக்காங்க. எண்ட உம்மா மட்டும்தான் அறைக்குள்ள இரிக்கா. அதால ரெண்டு மாசமா அறையில சிகரெட் குடிக்க ஏலாமக் கிடக்கு."

வேலையை விட்டு வருவது பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. மாமா மூக்கை உறிஞ்சினார். சித்தி கடிதத்தை மடித்தாள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவன் சிகரெட் குடிக்கிறானா?" என்றார் மாமி.

அந்த விசயம் அடுத்த கடிதத்தில் தீர்க்கப்பட்டது. அலுமாரியைப் பழைய இடத்துக்கு இழுக்க நாலு பேரைக் கூப்பிட்டபோது, அது அங்கேயே கிடக்கட்டும் என்று மாமி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பூனைக்கு ஓய்வு. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மாமி விறாந்தையில் வந்து உட்கார்ந்து அலுமாரியிடம் சொல்வார். நான் அறைக்குள் இருந்து அலுமாரிக்குப் பதில் சொல்வேன். சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு நாங்கள் ஏழு வருடமாக நன்றாகக் கதைத்துக்கொண்டு வருகிறோம். என் வாழ்க்கையில் நான் அதிகம் கதைத்த ஆட்களில் மாமியும் ஒருவர்.

இரண்டாவது படத்தை மாமா என் பெட்டியிலிருந்து கண்டுபிடித்து முன்னறையில் மாட்டிவிட்டார். வருகிற பெண்கள் எல்லோரும் அச்சொட்டாக மாமிதான் என்கிறார்கள். தேநீர் கொடுக்க வருகிற மாமி, அது ஆரோ ஒரு பொம்பிளை என்று சொல்லிவிட்டுப் போவார்.

புதிய ஆசிரியைக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. முகம் கீறும்போது அந்த ஆளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றவர்கள் காணாத முகம் ஒன்று அவரிடம் இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அலுமாரி கேட்டது, இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறார் என்று. உங்களைப் பற்றித்தான் மாமி என்று அலுமாரியிடம் சொன்னேன். கண்ணாடியில் தலை ஒரு பக்கம் சரிந்தது. முதல் படத்தில் நான் கீறிய அதே பக்கம்.

"அப்ப நல்லாத் திருப்பி எழுதச் சொல்லுங்க," என்றார்.

சாய்ந்தமருது,
1988, நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள், அஸருக்குப் பின்.